பனிக்கு அடியில் மூன்று மாதம்: மேஜர் சைத்தான் சிங்



பிள்ளைக்குச் சைத்தான் என்று யாராவது பெயர் வைப்பார்களா? நம் பக்கத்தில் வைக்க மாட்டார்கள். ஆனால் ஓரிடத்தில் உட்காராமல் ஓடித் திரியும் குழந்தையைக் குட்டிச்சாத்தான் என்று நாமும் கொஞ்சுகிறோம். வடக்கிலும் அப்படித்தான். சேட்டைக்காரப் பிள்ளையைச் சைத்தான் என்று செல்லமாகத் திட்டுவது அங்கே வழக்கம். ராஜஸ்தானில் அது ஆண் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராகவும் இருந்தது. அந்தப் பெயரோடு பிறந்த ஒருவர், நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம் வீர் சக்ராவைப் பெற்றார். இன்று அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயர் இருக்கிறது. இந்த இதழில் அவருடைய கதையைப் படியுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பாலைவனத்தில் ஒரு சிறிய எல்லைக் காவல் நிலை, அதைக் காக்கும் நூற்றுச் சொச்சம் வீரர்கள், எதிரில் பெரும்படை என்றால் உங்களில் பலருக்கு லோங்கேவாலா நினைவுக்கு வரும். பார்டர் திரைப்படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியும் அவருடைய வீரர்களும் பாகிஸ்தான் டாங்கிகளை விடியும் வரை தடுத்து நின்றார்கள். விடிந்ததும் ஜெய்சல்மேரில் இருந்து நம் ஹன்டர் விமானங்கள் வந்தன. அத்தோடு சண்டையின் போக்கே மாறியது.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பாலைவனத்தில், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் வீரர்கள் நின்றார்கள். அங்கே விடிந்த பிறகும் விமானம் வரவில்லை. சைத்தான் சிங்கின் கதை அங்கே நடந்தது.

மணலில் பிறந்தவர்

சைத்தான் சிங் 1924 டிசம்பர் 1 அன்று ஜோத்பூர் சமஸ்தானத்தில், பலோடி பகுதியிலுள்ள பனாசர் கிராமத்தில் பிறந்தார். தார் பாலைவனத்தின் ஊர் அது. தந்தை ஹேம் சிங் பாட்டி ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல். முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றி, ஆங்கில அரசின் விருது பெற்றவர். ராணுவ உடையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை என்று சொல்லலாம்.

ஜோத்பூரின் சோபாஸ்னி பள்ளியில் படித்தார். அங்கே அவர் பெயர் வாங்கியது கால்பந்தாட்டத்தில். பிறகு ஜஸ்வந்த் கல்லூரியில் பட்டப்படிப்பு. 1947-ல் பட்டம் பெற்றார், பிறகு ஜோத்பூர் சமஸ்தானப் படையில் சேர்ந்தார். அவர் பட்டம் பெற்றது நாடு விடுதலை அடைந்த ஆண்டில். சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவோடு இணைந்தன, அவற்றின் படைகளும் இந்திய ராணுவத்தோடு கலந்தன. அப்படித்தான் இந்த ராஜஸ்தான்காரர் குமாவுன் படைப்பிரிவின் அதிகாரி ஆனார். விடுதலை இந்தியாவின் முதல் பரம் வீர் சக்ராவைப் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மாவும் இதே படைப்பிரிவைச் சேர்ந்தவர்தான்.

அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் அவர் வாழ்க்கையில் பரபரப்பான செய்தி எதுவும் இல்லை. நாகா மலைப் பகுதியில் பணி செய்தார். 1961-ல் கோவா விடுதலை நடவடிக்கையில் பங்கெடுத்தார். 1962 ஜூன் மாதம் மேஜர் ஆனார். பத்திரிகையில் படம் வராத, ஊர் அறியாத ஆயிரம் அதிகாரிகளில் ஒருவர். அவர் வாழ்க்கைக்கு இன்னும் ஐந்தே மாதம் மீதி இருந்தது.

ஊட்டியைவிட இரண்டு மடங்கு உயரத்தில்

1962 அக்டோபர் 20 அன்று சீனா லடாக்கிலும் வடகிழக்கிலும் ஒரே நேரத்தில் தாக்கியது. லடாக்கில் சுஷூல் என்றொரு கிராமம். அங்கே நம் விமானப்படை இறங்கக்கூடிய ஒரு ஓடுதளம் இருந்தது. அங்கிருந்து லே நகரத்துக்குப் பாதையும் உண்டு. சுஷூல் போனால் லேக்கு ஆபத்து. அதனால் 13-வது குமாவுன் பட்டாலியனைச் சுஷூலைக் காக்க அனுப்பினார்கள்.

சுஷூலுக்குத் தென்கிழக்கில் இருக்கும் கணவாய் ரெசாங் லா. லா என்றால் அந்த ஊர் மொழியில் கணவாய். அதைக் காக்கும் பொறுப்பு பட்டாலியனின் சார்லி கம்பெனிக்கு. அதன் தளபதி மேஜர் சைத்தான் சிங். அவரோடு சுமார் 120 பேர்.

லடாக்கும் பாலைவனம்தான். தாரில் மணல் சுடும், இங்கே காற்று வெட்டும். மழை கிடையாது, மரம் கிடையாது. ரெசாங் லா ஏறத்தாழ 16,000 அடி உயரம். நாம் கோடை விடுமுறைக்குப் போய்க் குளிருகிறது என்று ஸ்வெட்டர் தேடும் ஊட்டி 7,350 அடிதான். அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயரத்தில், நவம்பர் மாதத்தில், திறந்த மலைமுகட்டில் இவர்கள் பதுங்குகுழி தோண்டினார்கள். நிலம் உறைந்து கல்லாகக் கிடந்தது. மூச்சு விடப் போதிய காற்று இல்லை. மண்வெட்டியை நான்கு முறை போட்டால் நெஞ்சு அடைக்கும்.

வீரர்களில் மிகப் பெரும்பாலோர் ஹரியானாவின் ரேவாரி, குர்கான், மகேந்திரகர் பகுதிகளின் அஹீர் யாதவக் குடும்பத்துப் பிள்ளைகள். கோதுமை வயலும் எருமை மாடும் பார்த்து வளர்ந்தவர்கள். சமவெளிக்காரர்களுக்கு அந்தக் குளிர் புதிது. அதைத் தாங்கும் உடுப்பும் சரியாக இல்லை. கையில் இருந்தது பெரும்பாலும் 303 ரகத் துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டிய பழைய வகை. எதிரில் வந்தவர்களிடம் தானியங்கித் துப்பாக்கிகள் இருந்தன.

இன்னொரு சிக்கலையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பின்னால் சுஷூல் பக்கம் நம் பீரங்கிகள் இருந்தன. ஆனால் பீரங்கிகளுக்கும் ரெசாங் லாவுக்கும் நடுவே உயரமான மலைமுகடு. அந்த முகட்டைத் தாண்டி இந்த இடத்துக்கு உதவியாகக் குண்டு போட முடியாது. அதாவது சண்டை வந்தால் இந்தக் கம்பெனிக்குப் பீரங்கித் துணை கிடையாது. விமானப்படையைத் தாக்குதலுக்குப் பயன்படுத்துவதில்லை என்பது அந்தப் போரில் அரசு எடுத்திருந்த முடிவு. ஆகவே மேலிருந்தும் துணை இல்லை.

காக்க வேண்டிய பரப்போ மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். நம் கே.கே. நகரின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை, இரவும் பகலும், 120 பேர் மட்டும் காவல் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். சைத்தான் சிங் தன் ஆட்களை மூன்று பிளட்டூன்களாகப் பிரித்து, வெவ்வேறு மேடுகளில் நிறுத்தினார். ஒரு பிளட்டூனுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெட்டவெளி.

நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை

விடியலுக்கு முன்பே தாக்குதல் தொடங்கியது. இருட்டில் ஓடைப் பள்ளங்கள் வழியாகச் சீன வீரர்கள் மேலே ஏறினார்கள். நம் வீரர்கள் அவசரப்படவில்லை. நன்றாக நெருங்கி வரும்வரை காத்திருந்து, பிறகு சுட்டார்கள். முதல் அலை பள்ளங்களிலேயே விழுந்தது. அடுத்து வந்ததும் நிற்கவில்லை.

நேராக ஏற முடியாது என்று தெரிந்ததும் எதிரி முறையை மாற்றினான். பீரங்கியாலும் மோர்ட்டார்களாலும் அந்த மேடுகளை அடித்து நொறுக்கினான். பின்னாலிருந்து சுற்றி வளைத்தும் வந்தான். பட்டாலியன் தலைமையிடத்தோடு இருந்த தொடர்பு சண்டையின் தொடக்கத்திலேயே அறுந்துவிட்டது. கம்பெனி இனி தனித்தீவு.

இந்த நேரத்தில் சைத்தான் சிங் செய்ததுதான் அவர் பெயரை நிலைக்க வைத்தது. கம்பெனித் தளபதி தன் பதுங்குகுழியில் இருந்து உத்தரவு தரலாம். ஆனால் தொடர்பு போன பிறகு, தனித்தனி மேடுகளில் இருக்கும் மூன்று குழுக்களுக்கும் தாங்கள் தனியாக விடப்படவில்லை என்று எப்படித் தெரியும்? அவர் ஒரு பிளட்டூனில் இருந்து அடுத்ததற்கு, மறைவு எதுவும் இல்லாத வெட்டவெளியில், குண்டு மழைக்கு நடுவே நடந்து போனார். ஒரு குழுவில் ஆள் குறைந்தால் இருப்பவர்களை இடம் மாற்றி நிறுத்தினார். தைரியம் சொன்னார். மறுபடி அடுத்த மேடு. கையில் குண்டு பட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தார். பிறகு வயிற்றிலும் பட்டது.

ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்த அவரைச் சில ஜவான்கள் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். இயந்திரத் துப்பாக்கி அவர்களைக் குறிவைத்தது. தன்னைச் சுமந்தால் இவர்களும் சாவார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. தன்னை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்படி உத்தரவிட்டார். மலைச் சரிவில் ஒரு பாறையின் மறைவில் அவரைக் கிடத்தினார்கள். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. இன்னும் பதின்மூன்று நாளில் அவருக்கு 38 வயது ஆகியிருக்கும்.

மற்றவர்கள் தோட்டா இருக்கும்வரை சுட்டார்கள். தீர்ந்த பிறகு துப்பாக்கிமுனைக் கத்தியோடு குழியை விட்டு வெளியே வந்தார்கள். 120 பேரில் 110 பேருக்கு மேல் அன்று இறந்தார்கள். சிலர் காயத்தோடு சிறைப்பட்டார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் கீழே தலைமையிடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்றே நாளில், நவம்பர் 21 அன்று, சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது.

யாரும் நம்பாத கதை

நண்பர்களே, கதையின் கனமான பகுதி இனிமேல்தான்.

உயிரோடு வந்தவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். கடைசி ஆள் வரை நின்றோம், யாரும் ஓடவில்லை என்றார்கள். பலர் அதை நம்பவில்லை. அந்தச் சில நாட்களில் நாடு கேட்ட செய்திகளை நினைத்துப் பாருங்கள். வடகிழக்கில் சே லா போயிற்று, போம்டிலா போயிற்று, படைகள் பின்வாங்கின என்று ஒன்றன் பின் ஒன்றாகத் தோல்விச் செய்திகள். அந்த நேரத்தில், ஒரு கம்பெனி முழுவதும் இருந்த இடத்திலேயே நின்று செத்தது என்றால், மிகைப்படுத்துகிறார்கள் என்றே தோன்றியது. எல்லோரும் செத்தார்கள் என்றால் நீ மட்டும் எப்படி வந்தாய் என்ற பார்வை வேறு. பிழைத்து வந்த வீரர்கள் சொந்த ஊரிலேயே தலைகுனிந்து நடக்க வேண்டியிருந்தது. மகன் வீரனாகச் செத்தானா, ஓடிப் போனானா, பிடிபட்டானா என்று தெரியாமல் அஹீர் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தன.

சாட்சி மலைமேல் இருந்தது. ஆனால் பனி அதை மூடிவிட்டது. குளிர்காலத்தில் அங்கே யாரும் ஏற முடியாது.

1963 பிப்ரவரியில் அந்தப் பக்கம் போன ஓர் ஆட்டிடையன் கண்ணில் முதலில் பட்டது. பிறகு நம் ஆட்கள் ஏறிப் போனார்கள். அவர்கள் பார்த்ததை விளக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று மாதமாக உறைந்து, இறந்த நிலையிலேயே வீரர்கள் இருந்தார்கள். பதுங்குகுழிக்குள், எதிரி வந்த திசையைப் பார்த்தபடி, கையில் ஆயுதத்தோடு. மருத்துவ உதவியாளர் தரம்பால் தஹியாவின் கையில் ஊசியும் கட்டுத்துணியும் இருந்தன. யாரோ ஒருவருக்குக் கட்டுப் போடும்போது அவர் விழுந்திருக்கிறார். கீழே இறங்கி ஓடிய தடத்தில் யாரும் கிடக்கவில்லை. பாறையின் ஓரத்தில், விட்டுவிட்டு வந்த இடத்தில், மேஜர் சைத்தான் சிங் இருந்தார்.

பிழைத்து வந்தவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. அது பொய்யில்லை என்று நிரூபிக்க, செத்தவர்கள் மூன்று மாதம் பனிக்கு அடியில் காத்திருக்க வேண்டியிருந்தது.

வீரர்களுக்குச் சுஷூலிலேயே ராணுவ மரியாதையோடு எரியூட்டினார்கள். சைத்தான் சிங்கின் உடலை ஜோத்பூருக்குக் கொண்டுபோய் இறுதி மரியாதை செய்தார்கள். அவருக்குப் பரம் வீர் சக்ராவும், அவருடைய கம்பெனியில் எட்டுப் பேருக்கு வீர் சக்ராவும் கிடைத்தன. தரம்பால் தஹியா அந்த எட்டுப் பேரில் ஒருவர். சுஷூலில் இவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2021 நவம்பர் 18 அன்று அதைப் புதுப்பித்துத் திறந்து வைத்தார்கள். லடாக் சுற்றுலா போகிறவர்கள் நம் குடியிருப்பிலும் இருப்பீர்கள். பாங்கோங் ஏரியில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், முடிந்தால் அனுமதி பெற்று அங்கேயும் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

நமக்கு என்ன தொடர்பு?

1962-ல் கே.கே. நகர் என்ற பெயரே கிடையாது. வீட்டு வசதி வாரியம் இங்கே மனை பிரித்ததெல்லாம் பிறகுதான். ஆனால் அந்தப் போரின் தடயம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 100 அடிச் சாலையில் அசோக் பில்லரைத் தாண்டி, கத்திப்பாரா வழியாகப் பரங்கிமலைப் பக்கம் போகிறீர்களே, அங்கே இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1963-ல் தொடங்கியது. சீனப் போரில் அதிகாரிகள் போதவில்லை என்று தெரிந்ததும் அவசரமாகத் தொடங்கிய பயிற்சிப் பள்ளி அது. அங்கே பயிற்சி பெற்று 1972-ல் அதிகாரியான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர் கொடுத்து, சைத்தான் சிங்கைப் போலவே பரம் வீர் சக்ரா பெற்றார். 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெற்று அதிகாரிகளாக வெளியே வருகிறார்கள்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் 1962 பற்றிக் கேளுங்கள். பெண்கள் காதில், கழுத்தில் இருந்ததைக் கழற்றி தேசிய பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்த காலம் அது. எங்கோ இருக்கும் லடாக்குக்காக இங்கே இருந்தவர்கள் நகை கொடுத்தார்கள்.

சைத்தான் சிங்கின் வீரத்தை நாம் எல்லோரும் மதிப்போம். செத்தவருக்கு மாலை போடுவது எளிது. அன்று சமூகம் தவறியது உயிரோடு திரும்பி வந்தவர்கள் விஷயத்தில். தங்கள் நண்பர்கள் சாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் ஆதாரம் கேட்டார்கள். பனி உருகியதால் ஆதாரம் கிடைத்தது. உருகாமல் போயிருந்தால், அல்லது உடல்கள் கிடைக்காமலே போயிருந்தால், அந்தச் சிலர் சாகும்வரை பொய்யர்களாக, ஓடுகாலிகளாக வாழ்ந்திருப்பார்கள். அந்த 110-க்கும் மேற்பட்டவர்களின் பெயரும் அவர்களோடு போயிருக்கும்.

நம் நகரில் ஓய்வு பெற்ற ராணுவத்தினர் பலர் வசிக்கிறார்கள். சிலர் நம் பக்கத்து வீட்டில் இருக்கலாம். சிலர் ஓய்வுக்குப் பிறகு ஏதோ ஒரு வளாகத்தின் வாசலில் காவல் பணியில் இருக்கலாம். அவர்களாகப் பேச மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். மாலையில் கீழே நடைப்பயிற்சி போகும்போது, எந்தப் படைப்பிரிவில் இருந்தீர்கள், எங்கே எல்லாம் இருந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சொன்னால் நிதானமாக நின்று கேளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். 1949 முதல் நடக்கிறது. பள்ளியில் பிள்ளைகளிடம் சின்னக் கொடி கொடுத்து நிதி திரட்டுவார்கள். அந்தப் பணம் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களின் நலனுக்கும் போகிறது. பிள்ளை கொடியோடு வந்து பணம் கேட்டால், எதற்கு என்று நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள். சட்டையில் கொடியைக் குத்தும்போது, சைத்தான் என்று பெயர் வைத்திருந்த ஒரு நல்ல மனிதரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். ஜெய்ஹிந்த்!